‘இதே போல’ எழுதாதவள்

அவள் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், இனிஷியல் முன்னால் வர வேண்டுமா பின்னால் வர வேண்டுமா, எந்த ஆவணத்தைப் பார்த்து எழுதினீர்கள் என்று கேட்டு எங்கிருந்தாவது மின்னஞ்சல் வந்துவிடும். வயதானால் ஆட்கள் மாறுவார்கள் என்பார்கள். அவள் விஷயத்தில் எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

ஏழு வருஷம் இருக்கும். பாலக்காட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் நான் நிரல் எழுதுகிற வேலையில் இருந்தேன். வீடு கொழிஞ்சாம்பாறைப் பக்கம். என் வீட்டுக்காரருக்குத் தென்னையும் காய்கறியும், எனக்குக் கணிப்பொறி. காலையில் ஸ்கூட்டரில் போனால் பொழுது சாயத் திரும்புவேன். அவள் முனைவர் பட்டம் முடித்த கையோடு, போஸ்ட்டாக் என்கிற அடுத்த கட்ட ஆராய்ச்சிக்காக எங்கள் அறைக்கு வந்தாள். என்னைவிட ஆறு வயது சின்னவள். சாந்தன்பாறையில் ஓர் ஏலத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். வேலை இருக்கிறவரை வீடு. ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அவள் அப்பா அங்கே ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் வேலை பார்த்தார்.

வந்த முதல் நாளே எங்கள் சீனி டப்பாவோடு அவளுக்குத் தகராறு. அந்த டப்பாவில் ‘உப்பு’ என்று எழுதியிருக்கும். உள்ளே சீனி இருக்கும். யாரோ எப்போதோ செய்தது. எங்களுக்கெல்லாம் பழகிவிட்டது. நான் அதைத் திறந்து இரண்டு கரண்டி அள்ளி அவள் காப்பியில் போடப் போனேன். அவள் தம்ளரைக் கையால் மூடிக்கொண்டாள்.

“அக்கா, அதுல உப்புன்னுல்ல எழுதிருக்கு?”

“எல்லாத்துக்கும் தெரியுமுங்க. உள்ள சீனிதான்.”

“எனக்குத் தெரியாதுல்ல. எல்லாத்துக்கும் தெரியும்னா அத டப்பா மேல எழுதிட வேண்டியதுதானக்கா?”

எழுதிவிட்டாள். மறுநாள் எங்கள் புரொபசர் தம்ளரும் கையுமாக நின்று உப்பு டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார். பத்து வருஷமாக உப்பைப் போட்டுத்தான் அந்த மனுஷர் டீ குடித்துவந்தார். கண்ணுக்கு நேராகச் ‘சீனி’ என்று எழுதியிருந்ததை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

எனக்கு அவள்மேல் முதலில் எரிச்சல்தான் வந்தது. நான் ‘ஓடுதா, விடு’ என்கிற கட்சி. நிரலை எழுதி, ஓட்டிப் பார்த்து, விழுந்தால் தூக்கி நிறுத்தி, மறுபடி ஓட்டுவேன். அவள் ஓட்டவே விடமாட்டாள். அவளுடைய ஆராய்ச்சியே அதுதான். நிரலில் வருகிற ஒவ்வொன்றுக்கும் அது என்ன வகை என்று ஒரு குறிப்பு இருக்கும். எண்ணா, எழுத்தா, திறந்த வால்வா, மூடிய வால்வா என்று. ஓட்டிப் பார்க்காமலே, அந்தக் குறிப்புகளை மட்டும் படித்துவிட்டு, ‘இதில் இன்ன தவறு வராது’ என்று முன்கூட்டியே உறுதி சொல்ல முடியுமா? அதற்கான விதிகளை வகுப்பதுதான் டைப் சிஸ்டம். சந்தேகம் வந்தால் அது ‘இல்லை’ என்று சொல்லிவிடும். சரியான நிரலைக்கூடச் சில சமயம் திருப்பி அனுப்பும். தவறானதை மட்டும் விடக் கூடாது.

எங்கள் வீட்டுக்கு அவள் முதல்முறை சாப்பிட வந்தபோது என் வீட்டுக்காரர் கேட்டார்.

“ஏனுங்க, நீங்க பண்ற ஆராய்ச்சி என்னதுங்க? இவகிட்டக் கேட்டா வாயில நுழையாத பேரெல்லாம் சொல்றா.”

“அண்ணே, நீங்க மோட்டாரப் போட்டுட்டு வாய்க்கால் கூடவே நடந்து போயி எங்க ஒடையுதுன்னு பாப்பீகல்ல? நான் மோட்டாரப் போடுறதுக்கு முன்னாடியே வாய்க்காலப் பாத்து எங்க ஒடையும்னு சொல்லப் பாக்குறேன்.”

அவர் யோசித்தார். “நீங்க பாத்து முடிக்கிற வரைக்கும் தண்ணி பாயாதுங்களே?”

“பாயாது! அதுக்குத்தான் எல்லாரும் என்னய வையுறாக” என்று அவள் கைதட்டிச் சிரித்தாள். அவருக்கு அன்றைக்கே அவளைப் பிடித்துப்போயிற்று.

அதே நாளில் ஒரு சங்கடமும் நடந்தது. வீட்டுக்காரரின் அத்தை வந்திருந்தார். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது அடுக்களைக்கு வந்து, “ஏங் கண்ணு, அந்தப் புள்ள என்ன ஆளுங்க?” என்று கேட்டார். சத்தமாகவே கேட்டார். கை கழுவ வந்தவள் காதில் அது விழுந்துவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. சாயங்காலம் ஸ்கூட்டரில் அவளை விடுதிக்குக் கொண்டுபோய் விடும்போது, “மன்னிச்சுக்கோங்க டாக்டரம்மா, பெரியவீங்க அப்படித்தான் பேசிப்போடறாங்க” என்றேன்.

பின்னால் இருந்து, வகுப்பில் கேள்விக்குப் பதில் சொல்வது மாதிரிச் சொன்னாள்: “ஒரு டைப் வச்சா அது ஏதாச்சும் ஒரு தப்பத் தடுக்கணும்க்கா. இது எந்தத் தப்பத் தடுக்குது? ஒண்ணையும் தடுக்காத டைப்ப வச்சுக்கிட்டு என்ன செய்ய?”

டப்பாவுக்கும் கோப்புக்கும் செருப்பு வைக்கிற பலகைக்கும் வகை கேட்டவள், மனிதர்களிடம் மட்டும் அதைக் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எரிச்சல் போன நாள் அது என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் வேலை ஏலக்காய் உலர்த்தியைப் பற்றியது. எரிவாயு அடுப்பு வைத்த புது மாதிரி உலர்த்திகளில் சூட்டைப் பார்த்து வால்வைத் திறந்து மூட ஒரு சின்னக் கணிப்பொறி இருக்கும். அதற்கு நிரல் எழுத ஒரு சிறு மொழியை நாங்கள் உருவாக்கிக்கொண்டிருந்தோம். அந்த மொழியின் சோதனையைத் தாண்டி வருகிற எந்த நிரலும், திறந்த வால்வை மூடிவிட்டுத்தான் முடிவுக்கு வரும். இதுதான் எங்கள் தேற்றம். அவள் விதிகளை வகுத்தாள். நான் மொழியைக் கட்டினேன். நிரூபணத்தை இருவரும் எழுதினோம். எந்த நிரூபணத்துக்கும் அடியில், நிரூபிக்காமலே ஏற்றுக்கொண்டு தொடங்குகிற ஒன்று இருக்கும்.

இந்த மாதிரி நிரூபணம் கேஸ் கேஸாகப் போகும். மொழியில் எத்தனை விதமான வாக்கியங்கள் உண்டோ அத்தனை கேஸ். எங்களுக்கு ஏழு. ஊர் உலகத்தில் என்ன செய்வார்கள் என்றால், இரண்டு மூன்றை விரிவாக எழுதிவிட்டு, ‘மற்றவை இதே போல’ என்று ஒரு வரி போட்டு முடித்துக்கொள்வார்கள். படிக்கிறவர்களும் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். எங்கள் அறையில் அது நடக்காது. வெள்ளைப் பலகையின் மேல் மூலையில் ‘இதே போல’ என்று எழுதி அதன்மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தாள். துடைக்கிறவர்கள்கூட அந்த மூலையை விட்டுவிட்டுத்தான் துடைப்பார்கள்.

“இதே போலன்னா எழுதுறதுக்கு ரெண்டு வரிதானக்கா ஆகும்? எழுதிட்டாப் போச்சு. எழுதுறப்பத்தான் இதே போலவா இல்லையான்னு தெரியும்.”

சாப்பாட்டு நேரத்தில்கூட இதே பாட்டு. மெஸ்ஸில் ‘நேற்றைய அதே சாம்பார்’ என்று யாராவது அலுத்துக்கொண்டால், “நேத்து முருங்கைக்கா இருந்துச்சு, இன்னிக்கு இல்ல” என்பாள். பார்த்தால் இருக்காது.

அந்த வருஷம் அவள் அப்பாவுக்கு ஓய்வுக் கடிதம் வந்தது. ஆறு மாதத்தில் வேலை முடிகிறது, லயத்தைக் காலி செய்ய வேண்டும். அவளுடைய போஸ்ட்டாக் வேலையும் ஒரு வருஷ ஒப்பந்தம்தான். பெரிய மாநாடு ஒன்றில் கட்டுரை வந்தால் இன்னும் இரண்டு வருஷம் நீட்டிப்பார்கள். நீட்டித்தால் பாலக்காட்டில் ஒரு வீடு பிடித்து அம்மா அப்பாவைக் கூட்டிவந்துவிடலாம். இவ்வளவுதான் அவள் கணக்கு. வெளியே சொல்லிக்கொள்ள மாட்டாள். ஆனால் மத்தியானத்தில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வாடகை வீட்டுப் படங்களைப் பார்ப்பாள். “இதுல கெழக்க ஜன்னல் இருக்குக்கா. அம்மாவுக்கு வெயில் படணும்” என்பாள். மலையில் பிறந்து வெயிலுக்கு ஏங்கிய அம்மா.

கடிதம் வந்த வாரம்தான் கட்டுரை அனுப்பக் கடைசி வாரம். அவள் இரண்டு நாளைக்கு ஊருக்குப் போனாள். மூன்றாவது கேஸையும் நாலாவது கேஸையும் என்னிடம் விட்டுப் போனாள். மூன்றாவதை எழுத எனக்கு ஒரு பகல் முழுக்க ஆயிற்று. நாலாவதைப் பார்த்தேன். மூன்றாவதின் கூடப் பிறந்தது மாதிரி இருந்தது. எங்கள் ஊரில் அன்றைக்குத் தேர். வீட்டில் பதினைந்து பேர் வந்து இறங்கியிருந்தார்கள். ‘நாலாவது: மூன்றாவதைப் போலவே’ என்று தட்டிவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். அப்போது பார்த்து அவளிடமிருந்து போன்.

“அக்கா, நாலு முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதுங்க டாக்டரம்மா.”

பொய் சொல்கிறேன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அவள் திரும்பி வந்தபோது இரண்டு மணி நேரம்தான் மிச்சம் இருந்தது. அவள் படிக்காமல் அனுப்பிய ஒரே பக்கம் அது. நான் முடிந்தது என்று சொல்லியிருந்தேனே.

கட்டுரை ஏற்கப்பட்டது. அறை முழுக்கப் பழம்பொரியும் சாயாவும். புரொபசர் சீனி டப்பாவைச் சரியாகக் கண்டுபிடித்து இரண்டு கரண்டி அதிகமாகவே போட்டுக்கொண்டார். அவள் கிழக்கு ஜன்னல் வீட்டின் சொந்தக்காரருக்குப் போன் செய்து, மாதக் கடைசிக்குள் முன்பணம் தருகிறேன் என்று சொல்லிவைத்தாள்.

இத்தோடு விட்டிருக்கலாம். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் நிரூபணங்களைப் படித்துச் சரிபார்க்கிற மென்பொருள் ஒன்று உண்டு. வரிக்கு வரி ‘ஏன்’ என்று கேட்கும். அதற்குள் எங்கள் நிரூபணத்தை ஏற்றப் போகிறேன் என்று உட்கார்ந்தாள். இறுதிப் பிரதி கொடுக்க ஐந்து நாள் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று ஏறிவிட்டன. ஒரு மத்தியானம் நாற்காலியைச் சுழற்றி என் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபமே இல்லை.

“அக்கா, நாலாவது இதே போல இல்லக்கா.”

நான் சோற்று டப்பாவை மூடிவைத்தேன்.

நாலாவது கேஸ், ‘இப்படியிருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்’ என்கிற வாக்கியம். சூடு அதிகமானால் வால்வை மூடு. இல்லாவிட்டால் சும்மா இரு. ஒரு பாதையில் வால்வு மூடிவிட்டது, மறு பாதையில் திறந்தே கிடக்கிறது. இரண்டு பாதையும் சேருமிடத்தில் எங்கள் விதி, ‘மூடியாயிற்று’ என்று நம்பிக்கொண்டு வழிவிட்டது. நிரூபணத்தில் ஓட்டை என்றால் அடைத்துவிடலாம். இது தேற்றமே பொய். அவள் ஆறு வரியில் ஒரு நிரல் எழுதிக் காட்டினாள். எங்கள் சோதனை அதைச் சிரித்த முகமாக உள்ளே விட்டது. வால்வு மூடவில்லை. நான் அந்த நாலாவது கேஸை ஒழுங்காக எழுத உட்கார்ந்திருந்தால், இரண்டாவது வரியிலேயே இது தெரிந்திருக்கும்.

புரொபசர் மலையாளி, நல்ல மனுஷர். அவளுக்கு நீட்டிப்பு கிடைக்க வேண்டும் என்று எங்களைவிட அவர்தான் தவித்தார். “சாரமில்ல, பரவால்ல. ஒரு ஃபுட்நோட் போட்டாப் போதுமல்லோ? அடுத்த பேப்பர்ல சரி செய்யாம்” என்றார்.

“சார், ஃபுட்நோட் போட்டா வால்வு மூடிக்குமா?”

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். கட்டுரையில் மூன்று பேர் பெயர் இருக்கிறது, நீங்கள் இரண்டு பேரும் ஒரே முடிவாகச் சொன்னால் நான் மறுப்பு சொல்ல மாட்டேன் என்றார். ஆக, முடிவு என் கையில் வந்து விழுந்தது.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. “உங்கப்பா அம்மா மாசக் கடைசில எங்க போவாங்க? அதச் சொல்லுங்க மொதல்ல” என்று கத்தினேன். தப்பு என்னுடையது, அதற்கு அவள் வீட்டை இழக்க வேண்டுமா என்கிற வேகம் எனக்கு. அவள் பதிலுக்குக் கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். “சரிக்கா. திங்கக்கிழம வரைக்கும் டைம் இருக்கு. யோசிங்க” என்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, ஐந்தாவது கேஸை ஏற்ற ஆரம்பித்துவிட்டாள்.

சனிக்கிழமை சாமான் கட்ட ஊருக்குப் போகிறேன் என்றாள். நானும் வருகிறேன் என்றேன்.

“எங்கப்பாட்டச் சொல்லி என்னய மாத்தலாம்னு வாறீகளாக்கா?”

“ஆமாங்க.”

“வாங்க வாங்க. அப்படியே ஏலச்செடி காட்டுறேன். நீங்க பாத்ததில்லைல்ல?”

பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று பஸ் மாறி மாறி, மூணாறு தாண்டிப் பூப்பாறையில் இறங்கி, ஜீப்பில் ஏறியபோது மதியம் சாய்ந்துவிட்டது. வழியெல்லாம் அவள் தூங்கினாள். நான் அவள் அப்பாவிடம் பேச வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

லயத்தில் பாதிச் சாமான் சாக்கில் கட்டியிருந்தது. அவள் அம்மா அவித்த மரவள்ளிக் கப்பையும், தொட்டுக்கொள்ளக் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் வைத்து, பாலில்லாத கட்டன் சாயா கொடுத்தார். அப்பா ஸ்டோரிலிருந்து வந்தார். கையெல்லாம் ஏலக்காய் மணம். நான் ஒத்திகை பார்த்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். தப்பு சின்னது, யாருக்கும் தெரியாது, பிறகு திருத்திக்கொள்ளலாம், இவள் பிடிவாதத்தால் நீங்கள் தெருவில் நிற்கப் போகிறீர்கள் என்று.

அவர் பெரிதாகச் சிரித்தார். “இவளயா? எம்மா, நான் இன்னும் ரெண்டு வருசம் இந்த வீட்ல இருந்திருக்கணும். ஒங்களுக்குத் தெரியுமா?”

தோட்டத்துப் பதிவேட்டில் அவர் வயது இரண்டு குறைவாக எழுதப்பட்டிருந்ததாம். பிஎஃப் கணக்கை ஆதாரோடு இணைக்கும்போது பிறந்த தேதி ஒத்துவரவில்லை. ஏதாவது ஒன்றை மாற்ற வேண்டும். ஆதாரை மாற்றினால் இரண்டு வருஷம் கூட வேலை, இரண்டு வருஷம் கூட வீடு. லயத்தில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். இவள் அவருடைய பள்ளிக்கூடச் சான்றிதழைத் தேடி எடுத்துக்கொண்டு போய்ப் பதிவேட்டை மாற்றிவிட்டு வந்திருக்கிறாள்.

“மாத்திட்டு வந்து, ‘யப்பா, இப்பத்தான் எல்லாம் ஒத்து வருது’ங்கா. நான் என்னத்தச் சொல்ல? ஒத்துத்தான வருது!” அவருக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. அவள் அம்மா மட்டும் சிரிக்காமல் கப்பைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஒரு சாக்கின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள். கிழக்கு ஜன்னல் வீட்டுக்கு அவள் ஏன் அப்படிப் பறந்தாள் என்பது எனக்கு அப்போது புரிந்தது. அம்மாவுக்கு இரண்டு வருஷத்தைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்திருக்கிறாள். புரிந்ததும் எனக்கு வேகம் இன்னும் கூடிப்போயிற்று.

“இந்தத் தடவையாச்சும் நீங்க சொல்லோணுமுங்க” என்றேன்.

அவர் சாயாவைக் குடித்துக்கொண்டே, “நீங்க செய்யிற மிஷினு, அடுப்பு வால்வுக்கா?” என்று கேட்டார். உலர்த்துகிற அறைக்குள் போய்த் தட்டுகளைப் புரட்டிவிட்டு வருகிறவர் அவர். நிஜமாகவே தெரிந்துகொள்கிற ஆசையில்தான் கேட்டார்.

“ஆமாங்க.”

“அது மூடாமப் போறது அடிக்கடியா?”

“இல்லீங்க, எப்பவாச்சுந்தான். நெறைய விஷயம் ஒண்ணாச் சேரோணும்.”

“எப்பவாச்சும்னா, நான் உள்ள நிக்கும்போதா, வெளிய நிக்கும்போதா?”

அவர் கேலியாகக் கேட்டிருந்தால்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார். நான் எழுந்து, சிக்னல் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன்.

மேட்டில் ஒரு பாறைமேல் கிடைத்தது. தூறல். அவர் எனக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று மாநாட்டுக்காரர்களுக்கு எழுதினேன். ‘நாலாவது கேஸை நான் எழுதவில்லை. எழுதிவிட்டதாகச் சொன்னேன்’ என்பதையும் சேர்த்தேன். எழுதும்போது அழுதேன், மறைப்பானேன். கூடவே ஏறி வந்திருந்த அவளிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு, “முழுசா இல்லக்கா” என்று போனை வாங்கி, அடியில் ஒரு வரி சேர்த்தாள்: ‘நான் படிக்காமல் அனுப்பினேன்.’ பிறகு அவளே அனுப்பினாள்.

நீட்டிப்பு கிடைக்கவில்லை. புரொபசர் அங்கே இங்கே அலைந்து வேறொரு திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு வேலை பிடித்துக் கொடுத்தார். சம்பளம் பாதி. கிழக்கு ஜன்னல் வீடு வேறு யாருக்கோ போயிற்று. திருத்திய கட்டுரை பதினோரு மாதம் கழித்து ஒரு சின்ன மாநாட்டில் வந்தது. அதில் நாலாவது கேஸ் மட்டும் நாலு பக்கம். ஒரு வரி விடாமல் நான்தான் எழுதினேன். அதைப் பார்த்துத்தான் ஒரு கல்லூரியில் அவளுக்கு வேலை கொடுத்தார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், அந்த மாதக் கடைசியில், அவர்களுக்குத் தங்க ஓர் இடம் வேண்டியிருந்தது.

எங்கள் தோட்டத்தில் ஒரு சாளை இருக்கிறது. வயலைப் பார்த்துக் கட்டிய சின்ன வீடு, இரண்டு அறை. அதில் உர மூட்டையும் பழைய மோட்டாரும் கிடந்தன. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அன்றைக்கே மூட்டைகளை வெளியே எடுத்துப் போட்டுச் சுண்ணாம்பு அடித்துவிட்டார். வாடகை என்ற பேச்சை எடுத்தால் மோட்டாரை மறுபடி உள்ளே வைத்துவிடுவேன் என்று அவளை மிரட்டினார். ஒரு ஜீப் நிறையச் சாக்கும் கட்டிலும் ஒரு சேவலுமாக அவர்கள் வந்து இறங்கினார்கள். வீட்டுக்காரரின் அத்தை மறுபடி தன் கேள்வியோடு வந்தார். “நம்ம டாக்டரம்மா ஊட்டு ஆளுங்க” என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

அடுத்த வாரம் ரேஷன் கார்டில் முகவரி மாற்றுவதற்காக அவளோடு நானும், அரசு விண்ணப்பங்களைப் பதிவு செய்கிற அக்ஷயா மையத்துக்குப் போனேன், வீட்டு உரிமையாளர் சம்மதம் என்று ஒரு கையெழுத்துப் போட. கவுண்டரில் ஒரு மலையாளப் பெண். விவரங்களை மடமடவென்று தட்டிக்கொண்டே வந்தவள், ஓர் இடத்தில் நின்று கேட்டாள்.

“வீட்டுடமஸ்தரோட என்ன பந்தம்? வாடகயா?”

“இல்ல. வாடக வாங்க மாட்டேங்காக.”

“தோட்டத்துல ஜோலிக்காரா?”

“இல்ல.”

“விருந்துக்கு வந்தவங்களா?”

“விருந்தாளின்னா திரும்பிப் போகணும்ல?”

அந்தப் பெண் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். அதில் ஒரு பட்டியல். வாடகை, பணியாளர், பந்து, மற்றவை. பந்து என்றால் அங்கே உறவினர். “மற்றவைன்னு போட்டுடலாம். எல்லாரும் அதான் போடும்” என்றாள்.

‘மற்றவை’யா! நான் நெற்றியில் கை வைத்துக்கொண்டேன். இனி சாயங்காலம் வரைக்கும் இங்கேதான் என்று நினைத்தேன். பின்னால் எட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் இருமினார். இன்னொருவர், “சேச்சி, ஒன்னு வேகம்” என்றார்.

“ஏதாவது ஒண்ணப் போட்டுத் தொலைங்க டாக்டரம்மா” என்று அவள் காதருகில் சொன்னேன்.

அவள் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். நிரலில் ஒரு வரியைப் பார்க்கிற பார்வை. தலை முதல் கால்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணிடம், “பந்து” என்றாள்.

“எந்த வழில? இதுல இனிஷியல் வேற, ஸ்தலம் வேற. யாராவது கேட்டா தெளிவு வேணுமே.” ஆதாரம் வேண்டும் என்கிறாள்.

இவளிடம் போய் ஆதாரம் கேட்கிறாளே, இப்போது இவள் ‘ஆமாம், உறவு இல்லைதான்’ என்று அந்தப் ‘பந்து’வை அடிக்கச் சொல்லப் போகிறாள், அதை நான் பக்கத்தில் நின்று கேட்க வேண்டுமே என்று நினைத்தேன்.

“இதுக்கு நிரூபணம் கெடையாது. இதுல இருந்துதான் தொடங்கணும்” என்றாள். “அக்கான்னு போட்டுக்கோங்க.”